முள் எப்போது ஏறுகிறது?

முதலில் வந்தது வாசனைதான். மே மாதத்து மதியம், சேலம் ஐந்து ரோடு சிக்னல். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு நின்றிருந்தேன். எங்கோ வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு நெடி. பக்கத்தில் பலகாரக் கடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பைக்கில் நின்றவர் குனிந்து, "சார், பானெட்ல புகை வருது பாருங்க" என்ற பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் காரை வாங்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2005ஆம் வருட மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல், எனக்கு முன் மூன்று பேர் கை மாறியது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. பதினாறு வருடம் ஓடிய வண்டியில் இருந்த கோளாறில் பெரும்பகுதி, அதை வைத்திருந்தவர்கள் செய்த கைவேலைதான் என்பது போகப் போகத் தெரிந்தது.

ஓரம் தள்ளி நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடையிலிருந்து ஒருவர் பக்கெட் தண்ணீரோடு வந்தார். இன்னொருவர் துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடி மேல் கையை வைத்துவிட்டார். வயதான ஆட்டோக்காரர் ஒருவர், "தொடாதீங்க, மூஞ்சி வெந்துடும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை, ஒரு பிரஷர் வால்வு. அதன் தலையிலேயே 0.9 என்றோ 1.1 என்றோ அடித்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். கொதிக்காமல் உள்ளே அடங்கிக் கிடக்கிற அந்தத் தண்ணீர், மூடியைத் திறந்து அழுத்தம் போன நொடியில் ஆவியாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். விசில் போடும் குக்கரைத் திறப்பதும் இதுவும் ஒன்றுதான். பக்கெட் தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றுவதும் ஆபத்து. எஞ்சினின் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அலுமினிய ஹெட், கொதிக்கிற நிலையில் சட்டென்று குளிர்ந்தால் வளையும், சில சமயம் விரிசலே விடும். முக்கால் மணி நேரம் டீ குடித்துக்கொண்டே காத்திருந்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையில் பிடித்தால் பொறுக்கிற சூடு என்ற நிலை வந்த பிறகு, துணியைப் போட்டு மூடியைக் கால் சுற்று திருகி, மிச்சக் காற்றை விட்டுவிட்டு, அப்புறம் திறந்தோம். ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போனது.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்தது முட்டாள்தனம். முதல் மெக்கானிக் கூலன்ட் (எஞ்சினை ஆற்ற ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம்) மாற்றினார், புது மூடி போட்டார். நான்கு நாளில் மறுபடியும் முள் ஏறியது. இரண்டாவது பட்டறையில், வாட்டர் பம்ப் போயிருக்கும் என்றார்கள். இந்த எஞ்சினில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். அதனால் பெல்ட், டென்ஷனர், பம்ப் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். பழைய பம்ப்பை வாங்கிப் பார்த்தேன். இலைகள் ஒழுங்காக இருந்தன, ஷாஃப்ட் ஆடவில்லை, அடியில் இருக்கும் கசிவுத் துளையைச் சுற்றி உப்பு படிந்த தடமும் இல்லை. பாவம், நல்ல பம்ப். டைமிங் பெல்ட் எப்படியும் மாற்ற வேண்டிய நேரம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறு வாரமே முள் ஏறியது. அதே பட்டறையில் இந்த முறை, "ஹெட் கழட்டணும் சார், கேஸ்கெட் போயிருக்கும். லேத் வேலை எல்லாம் சேர்த்து பதினெட்டு ஆகும்" என்றார்கள். ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கிற தகடுதான் கேஸ்கெட். வண்டியை நான் வாங்கியதே எண்பத்தைந்தாயிரத்துக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். சங்ககிரிப் பக்கம். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நான் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிக்கறப்ப சூடாகுதுங்களா, ஓடறப்ப சூடாகுதுங்களா மாப்ள?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை சூடாகியிருக்கிறது, எட்டாயிரத்துக்கு மேல் செலவு செய்திருக்கிறேன், இதற்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மெக்கானிக்கும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ஹீட் ஆகுது" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்ட மாதிரி.

அன்று முதல் டேஷ்போர்டில் ஒரு பாக்கெட் நோட்டுப் புத்தகம் வைத்தேன். வண்டி நின்ற பிறகு மட்டும் எழுதுவது. சில வரிகள் அப்படியே:

"காலை 8.40. வீடு, ஆபீஸ். ஏசி இல்லை. நாலு ரோடு சிக்னல் 3 நிமிஷம். முள் முக்கால். வண்டி ஓடியதும் இறங்கியது."

"மாலை 6.10. அதே வழி. ஏசி போட்டேன். சிக்னல் 4 நிமிஷம். முள் பாதியிலேயே இருந்தது."

"ஞாயிறு. நாமக்கல் பைபாஸ். 90 வேகம், நாலு பேர், ஏசி உண்டு. 20 கி.மீ. போனதும் முக்காலைத் தாண்டியது. 60க்குக் குறைத்ததும் மெதுவாக இறங்கியது."

பத்து நாள் எழுதிய பிறகு மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நிக்கறப்பவும் ஆகுது, ஓடறப்பவும் ஆகுது. அப்ப ரெண்டு வியாதி இருக்குதுங்க" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் இது. வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது ஃபேன் மட்டும்தான். நின்றால் சூடாகி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை, எதிர்க் காற்றே போதும். அங்கேயும் சூடாகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் குறை, அல்லது ரேடியேட்டர் அடைப்பு, அல்லது எஞ்சினுக்குள்ளேயே வேறு பிரச்சினை. வண்டி எடுத்த ஐந்து நிமிடத்திலேயே முள் மேலே போனால் அது மூன்றாவது கதை: தண்ணீர் குறைவு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு), உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, கேஸ்கெட் இவற்றில் ஒன்று.

பதினெட்டாயிரம் பயம் தூங்க விடவில்லை. அதனால் முதலில் ஹெட் கேஸ்கெட்தானா என்று பார்த்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில் காலையில் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் வைத்து, மூடாமலே ஸ்டார்ட் செய்து பார்ப்பது. கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டரில் எரிகிற வாயு தண்ணீருக்குள் புகுந்து, எஞ்சின் சூடேறும் முன்பே குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் நாலைந்து குமிழி வந்து நின்றால் அது உள்ளே இருந்த சாதாரணக் காற்று. எனக்கு அப்படித்தான் வந்து நின்றது. மறுநாள் காலை மூடியைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினில் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் சந்தேகப்பட வேண்டும். மெத்தென்று இருந்தது. பிளக்குகளைக் கழற்றினேன். தண்ணீர் போகிற சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவினாற்போல் பளிச்சென்று இருக்கும் என்பார்கள். நாலும் ஒரே நிறம், காய்ந்த ரொட்டி நிறம்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாக, மோர் கடைந்த நுரை போலக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வயிற்றைக் கலக்கியது. ஆனால் குட்டிக் குட்டி தூரம் ஓட்டுகிற வண்டியில், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராவிட்டால், வெறும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அப்படிப் படியும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கறுப்பாகத் தெளிவாகத்தான் இருந்தது. (எஞ்சின் ஏன் முழுச் சூட்டுக்கு வரவில்லை என்று அப்போதே யோசித்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். அதற்கு வருகிறேன்.) கடைசியாக, நண்பர் ஒருவரின் பட்டறையில் நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீரை இரண்டு அங்குலம் குறைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது கழுத்தில் குழாயை வைத்து, ரப்பர் பந்தை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிடம் அமுக்கினோம். நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட்டைக் கழற்றச் சொல்கிற எவரிடமும் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். அது இல்லை என்றால் மேலே சொன்ன காலை வேலைகளையாவது செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, முதல் வியாதி. நோட்டில் ஒரு விஷயம் விசித்திரமாக இருந்தது. வண்டி சூடானால் ஏசியை அணை என்பதுதான் ஊர் அறிந்த பாடம். என் வண்டியோ சிக்னலில் ஏசி போட்டால் சூடாகவில்லை, அணைத்தால்தான் சூடானது! பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட விட்டபோது விடை கிடைத்தது. முன்னால் இரண்டு ஃபேன். ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏசிக்கு. ஏசி போட்டால் ஏசி ஃபேன் ஓடுகிறது, அந்தக் காற்று பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் சேர்த்து ஆற்றுகிறது. ரேடியேட்டர் ஃபேன் மட்டும், முள் முக்காலைத் தொட்ட பிறகும் அசையவே இல்லை.

ஃபேன் ஓடவில்லை என்றால் உடனே மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். பொறுங்கள். முதலில் ஃபியூஸ், நன்றாக இருந்தது. மோட்டாரின் சாக்கெட்டைப் பிரித்து பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தேன். ஜம்மென்று சுற்றியது. ஆக, மோட்டார் தப்பித்தது. அடுத்தது ரிலே, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற மின் ஸ்விட்ச். அதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பல பழைய வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே அச்சு. பின் அமைப்பும் மேலே அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றினேன். ஹாரன் அடித்தது, ஃபேன் ஓடவில்லை. ரிலேயும் தப்பித்தது. மிச்சம் இருந்தது ரேடியேட்டரின் கீழ் மூலையில் திருகியிருக்கும் சூட்டு ஸ்விட்ச். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் உள்ளே தொட்டுக்கொண்டு ஃபேனைப் போட்டுவிடும் சாமான். அதன் சாக்கெட்டைப் பிடுங்கி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். ஃபேன் ஓடியது. ஸ்விட்ச்தான் செத்திருக்கிறது. விலை 380 ரூபாய். ஒரு எச்சரிக்கை: வயரால் இணைப்பதெல்லாம் இந்த மாதிரித் தனி ஸ்விட்ச் இருக்கிற பழைய வண்டிக்கு மட்டும். சென்சார் சொல்லி கம்ப்யூட்டர் ஃபேனைப் போடுகிற வண்டியில் இப்படிக் கை வைக்கக் கூடாது.

சிக்னல் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. பைபாஸ் பிரச்சினை இருந்தபடியே இருந்தது. நல்லவேளை, இரண்டையும் தனித்தனியாக எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் "ஸ்விட்ச் மாற்றியும் சரியாகலை" என்று அந்த 380 ரூபாயையும் திட்டியிருப்பேன்.

இரண்டாவதற்கு, தூரத்திலிருந்தே சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது ஆகாது. அது உடம்புச் சூட்டைத் தாண்டிப் படிக்காது. வண்டி வேலைக்கானது வேறு. பளபளக்கும் அலுமினியத்தில் அது பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். கறுப்பு ரப்பர் ஹோஸில் காட்டினால் ஓரளவு உண்மை சொல்லும். உலோகத்தில் அளக்க வேண்டுமானால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும். பைபாஸில் ஓட்டி வந்து, எஞ்சினை அணைக்காமல் ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து ஃபேன் இடுக்கு வழியாகக் கட்டம் கட்டமாக அளந்தேன். மேல் பக்கம் 88, 86, 87. நடுவில் 80. இடது கீழ்ப் பகுதியில் 46, 43, 41. என் முழங்கை அகலத்துக்கு ஒரு பெரிய திட்டு குளிர்ந்து கிடந்தது. குளிர்ச்சியாக இருக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். அங்கே சூடு வரவில்லை என்றால் அங்கே தண்ணீரே வரவில்லை என்று அர்த்தம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வேலை செய்யாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் மெதுவாகப் போனால் மிச்சம் இருப்பதே போதும். நாலு பேரோடு 90இல் போனால் போதாது.

கழற்றிக்கொண்டு ரேடியேட்டர் கடைக்குப் போனோம். ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு விரல் சந்து. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிரித்தபோது அந்தச் சந்தில் தூசி, பஞ்சு, வண்ணத்துப்பூச்சி இறக்கை, வேப்பிலைக் காம்பு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரே படலமாக உரிந்து வந்தது. அதுவே போதுமான காரணம். கடைக்காரர் இன்னும் திருப்தியாகவில்லை. ரேடியேட்டரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். துருக் கலரில் சேறு விழுந்தது. அதை விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மஞ்சள் போட்டிருக்காங்க சார்."

சமையல் மஞ்சள்தான். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள் தூளைப் போடு என்பது நெடுஞ்சாலையில் காலங்காலமாகச் சொல்லப்படுகிற வைத்தியம். உண்மையிலேயே அது சின்ன ஒழுகலை அடைக்கும். நடுராத்திரி, ஊர் பேர் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அது உயிர் காக்கிற உபாயம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டைக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்கும் மஞ்சளுக்கு வித்தியாசம் தெரியாது. வீடு வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் கழுவிவிட்டு ஒழுகலைச் சரி செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை விற்றிருக்கிறார்கள். அதன் மேல் வருடக்கணக்காக போர் தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் குடம் வைத்தாலே பத்து நாளில் வெள்ளை வளையம் கட்டும். கெட்டிலில் படிகிற அதே உப்புதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. மஞ்சளும் உப்பும் துருவும் சேர்ந்து சிமென்ட் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, மறுபடி பற்ற வைத்துவிடலாம். என்னுடையது அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தொட்டி. பிரித்தால் மறுபடி ஒழுங்காக உட்காருமா என்பது சந்தேகம் என்று அவரே சொன்னார். புதிது 3,600. போட்டேன்.

ரேடியேட்டர் மாட்டிய பிறகு வந்த தலைவலி காற்று. பழைய தண்ணீரை வடித்தபோது பக்கெட்டில் அளந்து வைத்திருந்தேன்: ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் சேர்த்து மூன்றரை லிட்டர். புதிதாக ஊற்றியது இரண்டரை லிட்டரிலேயே கழுத்து வரை நிரம்பிவிட்டது. மீதி ஒரு லிட்டர் இடத்தில் என்ன இருக்கிறது? காற்றுதான். அளக்காமல் இருந்திருந்தால் நிரம்பிவிட்டது என்று மூடியைப் போட்டுக் கிளம்பியிருப்பேன். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி வீட்டு வாசல் சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறி அமுக்கினால், பளக் பளக் என்று காற்று வெளியே வரும். வர வர ஊற்ற வேண்டும். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் உள்ளே தண்ணீர் சுற்றுகிறது என்று அர்த்தம். நம் ஊரில் ஹீட்டர் எதற்கு என்று அதன் பைப்பையே அடைத்து வைத்திருக்கிற வண்டிகள் உண்டு. எஞ்சினுக்கு அது இரண்டாவது சின்ன ரேடியேட்டர். நடுவழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், வேர்த்துக் கொட்டும், வண்டி ஓரம் சேர்கிற வரை முள் தாங்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இப்போது முள் ஏறவே மறுத்தது. காலையில் ஆபீஸ் போய்ச் சேரும் வரை கால் பங்குக்கு மேல் வராது. பெட்ரோலோ லிட்டருக்குப் பதினொன்றுதான் கொடுத்தது. அடைத்துக் கிடந்த ரேடியேட்டர் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த மூன்றாவது சங்கதி இது. தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்து பார்த்தேன். வீடு இருந்தது, உள்ளே ஆள் இல்லை.

"நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்குங்க" என்று கழற்றி எறிவது இங்கே சர்வ சாதாரணம். எறிந்தவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் எறிந்திருப்பார். எஞ்சின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர் காய்ச்சலில் இருக்கும், கம்ப்யூட்டரும் குளிர் எஞ்சின்தானே என்று பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆயில் மூடியடியில் மோர் நுரை படியும். போதாததற்கு, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித் தட்டு குறுக்கு வழியை மூடும். அங்கே அதைக் கழற்றினால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றிவிட்டு வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டிவிடும்.

82 டிகிரி என்று அடித்த புது தெர்மோஸ்டாட் 450 ரூபாய். புதிது என்பதற்காக நம்பிவிடக் கூடாது என்று அடுப்படியில் பால் காய்ச்சும் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரையும் வைத்து தண்ணீரைச் சூடாக்கினேன். மனைவி அந்தப் பாத்திரத்தை அன்றோடு எனக்கே தானமாகக் கொடுத்துவிட்டாள், அது வேறு கதை. 80 வரை ஒன்றும் இல்லை. 83 வாக்கில் நடுவில் இருக்கிற தட்டு மயிரிழை விலகியது. 95 தாண்டுவதற்குள் நன்றாக வாயைத் திறந்துவிட்டது. எடுத்து வெளியே வைத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. மாட்டும்போது அதன் ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஆணி மேல் பக்கம் வர வேண்டும். காற்று தப்பிக்கிற வழி அதுதான். இப்போது முள் பத்து நிமிடத்தில் பாதிக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. மைலேஜ் பதினான்கைத் தாண்டியது.

கூலன்ட் பற்றிக் கொஞ்சம். அதன் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். பாதிக்குப் பாதி தண்ணீரோடு கலந்தால் மூடி இல்லாமலே 106 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், மூடி போட்டால் இன்னும் மேலே. அதைவிட முக்கியம் அது துருப்பிடிக்க விடாது என்பது. கலக்குவதற்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்துக் கலக்காதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு வகை விற்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்குங்கள், வகை மாற்றினால் பழையதை முழுக்கக் கழுவிவிடுங்கள். வடித்த கூலன்டைத் திறந்த பக்கெட்டில் வைக்கவே கூடாது. கூலன்ட் இனிப்பாக இருக்கும், அன்று சிக்னலில் எனக்கு வந்த வெல்லப்பாகு நெடியும் அதுதான். அந்த இனிப்புக்கு நாய், பூனை வந்து நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். தெருவில் எங்களுக்கு நாலு நாய் இருக்கிறது, வடித்த கையோடு கேனில் ஊற்றி இறுக்கி மூடினேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு, நான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். விரலில் துருச் சேறோ மஞ்சள் பிசுக்கோ வந்தால் விலையில் ரேடியேட்டர் காசைக் கழியுங்கள். அப்புறம் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஏசியை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் எஞ்சினை ஓட விடுங்கள். ஃபேன் தானாகப் போட்டுக்கொண்டு தானாக நிற்கிறதா? நான் ஏசி போட்டுக்கொண்டு சுகமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவன்.

டிசம்பரில் ஏற்காடு போனோம். மாமனார், மாமியார், நான், மனைவி. இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் மலையில் அந்த மூடி பிடித்து வைத்திருக்கிற அழுத்தம்தான் காவல். புது மூடிக்குக் கொடுத்த காசு வீணில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் கியரில் ஏறினேன். முள் பதினேழாவது வளைவில் பாதியைவிட ஒரு நூல் மேலே போனது, ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, மறுபடி இறங்கியது. மாமனார் வெளியே காப்பித் தோட்டம் பார்க்கிற மாதிரி இருந்தார். கண் மீட்டர் மேல்தான் இருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள்.

நோட்டுப் புத்தகம் இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது. ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் நிற்கிற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, வாரம் ஒரு முறை காலையில் குளிர்ந்த வண்டியில் பார்த்து எழுதுகிறேன். போன மாதம் பத்து நாளில் ஒரு விரல் குறைந்திருந்தது. கீழே ஈரம் இல்லை. டார்ச் அடித்துத் தேடியதில், டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிற ஹீட்டர் ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. சொட்டும் முன்பே சூட்டில் காய்ந்துவிடுகிற கசிவு. கிளாம்ப் நாற்பது ரூபாய். மாற்றிவிட்டு, பொருக்கைத் துடைத்துவிட்டு, மறுபடி கோடு வரை ஊற்றினேன். இன்று காலை பார்த்தபோது கோட்டிலேயே நின்றது.